கடல் முழங்கால் நேர்ச்சை

எங்கள் பங்குக் கோயில் மக்களிடம் ஒரு பக்தி வழக்கம் இருக்கிறது. வருடம் ஒருமுறை கடற்கரை மாதா கோயிலுக்குப் போகும்போது, கடலில் முழுகிவிட்டுத் தண்ணீரிலிருந்தே முழங்காலில் புறப்பட்டுக் கோயில் வாசல் வரை போவார்கள். வெளியூர்க்காரர்கள் யாராவது இது எந்தக் காலத்து வழக்கம் என்று விசாரித்தால், "எங்க மலையில எல்லாம் அப்பிடித்தாங்க" என்று கொஞ்சம் பெருமையாகவே பதில் வரும். அதை ஆரம்பித்து வைத்தவள் நான். ஆரம்பித்த அன்று எனக்குப் பக்தி இருந்ததாக ஞாபகம் இல்லை. முதுகுவலி இருந்தது.

நான் பிறந்தது கடற்கரையில். அண்ணன்களோடு சேர்ந்து, யாரும் சொல்லிக் கொடுக்காமலே நீந்தப் பழகியவள். (எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் நீந்துவது வழக்கமில்லை. அம்மா அடித்தாள். நான் நீந்தினேன்.) பிறகு கல்யாணம் என்னைத் தூக்கிக் கொண்டுபோய் மலைமேல் வைத்தது. கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் வீடு, அருகிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர் வேலை, வருடத்தில் பத்து மாதம் ஸ்வெட்டர்.

என் வீட்டுக்காரர் சேவியர், சுற்றுலா வேன் ஓட்டுகிறார். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தால், பின்சக்கரம் பள்ளத்தை எட்டிப் பார்க்கும்படி ஒதுங்கி நின்று, அந்த டிரைவரிடம் குசலமும் விசாரிப்பார். அப்படிப்பட்ட தைரியசாலி தண்ணீரை மட்டும் வாளிக்குள் இருந்தால்தான் நம்புவார். ஏரியில் படகுச் சவாரிக்கு ஆயிரம் பேரை இறக்கி விட்டிருக்கிறார். ஒருநாளும் படகில் கால் வைத்ததில்லை.

ஒரு டிசம்பர் காலையில், வெந்நீர்ப் பானையை அடுப்பிலிருந்து இறக்கும்போது என் இடுப்பில் ஏதோ ஒன்று விலகியது. சத்தம்கூட வரவில்லை. பானையைக் கீழே வைத்தேன், நிமிரத்தான் முடியவில்லை. அன்றைக்கு வந்த வலி பிறகு போகவே இல்லை. சில நாள் தணியும், சில நாள் இடது காலில் நெருப்புக் கம்பியாக இறங்கும். வந்துபோகிற விருந்தாளி என்று முதலில் நினைத்திருந்தேன், அது எங்கள் ரேஷன் கார்டில் பெயர் சேர்த்துக்கொண்டது. மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பில் வட்டு விலகியிருக்கிறது, ஆபரேஷன் இப்போது வேண்டாம், பழகிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

பழகிக்கொள்வது என்றால் என்னவென்று முதுகுவலிக்காரர்களுக்குத்தான் தெரியும். படுப்பது பிரச்சினை இல்லை, எழுந்திருப்பதுதான் பிரச்சினை. தரையில் உட்கார்ந்துவிட்டால் எனக்கு ஒரே வழிதான். ஒருக்களித்துப் புரண்டு, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, பூனை மாதிரி நின்று, கட்டில் காலையோ கதவையோ பிடித்து மெல்ல ஏற வேண்டும். பிடிக்க ஒன்றுமில்லை என்றால் பூனையாகவே இருக்க வேண்டியதுதான்.

வலியைவிட என்னைத் தின்றது வீட்டில் காட்டிய அன்பு. "குனியாத", "தூக்காத", "நீ உக்காரு". சேவியரும் எங்கள் மகள் நான்சியும் முறைவைத்து இந்த மூன்றையும் சொன்னார்கள். கீழே விழுந்த ஸ்பூனை எடுக்கக்கூட எனக்கு உரிமை இல்லை. ஒரு நாற்காலியில் உட்கார்த்தி வைக்கப்பட்டு, நாற்பத்தொன்பது வயதிலேயே நான் வீட்டுக்கு வந்த பெரியம்மா ஆகிவிட்டேன். நல்லதற்குத்தான் செய்தார்கள் என்பது தெரியும். இருந்தாலும் எனக்கு மூச்சு முட்டியது.

சில வருடம் கழித்து இரண்டாம் முறை மதுரைக்குப் போனபோது டாக்டர், "நீச்சல் தெரியுமா? இதுக்கு அதைவிட நல்ல பயிற்சி கெடையாது" என்றார். நான் நாற்காலியிலிருந்து நானாகவே எழுந்துவிட்டேன். சேவியர் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போதுதான் வாயைத் திறந்தார்.

"கொடைக்கானல்ல எங்கிட்டுப் போயி நீந்துவ? ஏரியில எறங்குனா போலீசு புடிக்கும். ஓடையில எறங்குனா வலி போயிரும், உசுரும் கூடவே போயிரும்."

"கடல் இருக்குல்ல."

"கடலா?" என்றார். வேன் ஒரு வளைவில் தேவைக்கு மேலேயே மெதுவாகப் போனது. "நல்லா இருக்கவங்களே போயித் திரும்பி வரல. நீ இடுப்பப் புடிச்சுக்கிட்டுப் போவியா? அந்தச் சோலியே வேணாம்."

மூன்று மாதம் சண்டை போட்டேன். எங்கள் பங்கிலிருந்து காலாண்டு விடுமுறையில் அந்தக் கடற்கரைக் கோயிலுக்கு வருடாவருடம் போவார்கள். திருவிழாக் கூட்டம் வடிந்திருக்கும், சுற்றுலா சீசனும் இருக்காது, வேனும் எங்கள் வேன்தான். அந்தப் பயணத்தில் ஒரே ஒருமுறை கடலில் நீந்தவிடுங்கள் என்றேன். கடைசியில் நான்சியைச் சாட்சியாக வைத்து ஒப்பந்தம் போட்டார்.

"சரி, எறங்கு. நீயா எந்திரிச்சு நடந்து கரைக்கு வந்துட்டன்னா, அதுக்கப்பறம் எந்த வருசமும் நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். யாராச்சும் ஒன்னயத் தூக்கிக் கொண்டாந்து போட்டாங்க, அதோட கடல் பேச்சே எடுக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். அதாவது, மிச்சமிருக்கும் ஆயுசுக்கு எனக்குக் கடல் உண்டா இல்லையா என்பதை ஒரே காலையில் பந்தயம் வைத்தேன்.

பயிற்சி எடுக்க வேண்டாமா? கூடத்தில் பெஞ்சைப் போட்டு, மேலே தலையணை வைத்து, குப்புறப் படுத்துக் கையையும் காலையும் வீசினேன். ஒரு நாள் பால்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, வாசலில் பாலை வைத்துப் போய்விட்டார். பிறகு ஒரு வாரம் என் முகத்தையே அவர் பார்க்கவில்லை. (சேவியரிடம், "டீச்சருக்கு இப்ப தேவலையா?" என்று மட்டும் கேட்டாராம்.)

அந்த வருடம் வேனில் எங்களோடு வந்தவர்களில் முக்கியமானவர் ஜெசிந்தா அக்கா. எங்கள் தெரு ஜெபக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி. மலைக்காரர்கள் சமவெளிக்கு இறங்கும்போது வத்தலக்குண்டில் ஸ்வெட்டரைக் கழற்றுவது மரபு. ஜெசிந்தா அக்கா கழற்ற மாட்டார். கடல் காற்று ஆகாது என்று கழுத்துக்கு மப்ளரும் சுற்றிக்கொள்வார். அவர் தங்கமான மனுஷி. ஒரே ஒரு குணம், யார் எங்கே குனிந்தாலும் அது அவர் கண்ணுக்கு ஜெபமாகத்தான் தெரியும்.

வெள்ளனே, சூரியன் ஏறுமுன் நான் சுடிதாரோடு கடலில் இறங்கினேன். சேவியர் காக்கி பேண்டோடு, அலை எட்டாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டார். நான்சி துண்டும் செல்போனுமாகப் பக்கத்தில் நின்றாள். முட்டி அளவு, இடுப்பளவு, மார்பளவு என்று போய், ஒரு அலையின் அடியில் முழுகி அந்தப் பக்கம் எழுந்தேன். கை தானாக வீசியது. கால் தானாக உதைத்தது. இத்தனை வருடம் நான் எங்கே போனேன் என்று கடல் என்னிடம் கேட்கவில்லை.

அலைக்கு அப்பால் தண்ணீர் தூங்குவதுபோல இருந்தது. மல்லாந்து படுத்தேன். அப்போதுதான் கவனித்தேன், வலிக்கவில்லை. கூர்ந்து தேடிப் பார்த்தேன், இடுப்பில், தொடையில், குதிகாலில். எங்குமே இல்லை. ஆறு வருடத்தில் விழித்திருக்கும்போது வலி இல்லாமல் நான் இருந்த முதல் நேரம் அது. நான் அழுதேன். கடலில் அழுவதில் ஒரு வசதி, யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

போதும் என்று கரைக்குத் திரும்பினேன். மூன்று கை வீச்சில் கால் தரை தட்டியது. நிமிர்ந்து நின்றேன். இரண்டு எட்டு வைத்தேன், கம்பீரமாகத்தான். மூன்றாவது எட்டில் பின்னாலிருந்து ஓர் அலை வந்து முழங்காலுக்குப் பின்புறம் தட்டியது. காலடி மணல் நழுவியது. உடம்பு ஒரு பக்கமாகத் திரும்பியது. முதுகு பூட்டிக்கொண்டது.

பூட்டிக்கொண்டது என்றால் சாவியைக் கடலில் போட்டதுபோல. முழங்கால் அளவுத் தண்ணீரில், நாலு காலில் நான். மூக்குக்கு நேரே நுரை. நிமிரலாம் என்று நினைத்தாலே முதுகில் கத்தி பாய்ந்தது. சேவியர் கரையில் நிற்கிறார். "தூக்குங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதோடு கடலும் போய்விடும். அடுத்த வருடத்திலிருந்து நான் கோயில் மண்டபத்து நாற்காலியில் உட்கார்ந்து, அலைச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு மலையேறுவேன்.

வலப்பக்கம் கொஞ்ச தூரத்தில் ஒரு மீன்பிடி வள்ளத்தைக் கரையேற்றி வைத்திருந்தார்கள். அதன் விளிம்பைப் பிடித்தால் எழுந்துவிடலாம். வேறு வழியில்லை. நாலு காலிலேயே அதை நோக்கிப் புறப்பட்டேன், ஏதோ சிப்பி பொறுக்குகிறவள் போன்ற பாவனையில்.

அந்தக் கோயிலில் முழங்கால் நேர்ச்சை பிரசித்தம். கடலோரக் கொடிமரத்திலிருந்து கோயில் வாசல் வரை ஒரு மணல் பாதை இருக்கிறது. வேண்டுதல் உள்ளவர்கள் அதில் முழங்காலிலேயே போவார்கள். இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அந்த நிமிடத்தில் மட்டும் ஞாபகம் வரவில்லை.

ஜெசிந்தா அக்காவுக்கு வந்தது.

"ஏம்மா, இங்க பாருங்க எல்லாரும். டீச்சர் கடல்லருந்தே முழங்கால் நேர்ச்சை போடுறாங்க" என்று அவர் குரல் கேட்டது. அடுத்து அவர் விசும்புவது கேட்டது. அதற்கடுத்து செபமாலை.

திரும்பிப் பார்க்க முடியாது. பின்னால் மணலில் தொப்தொப்பென்று முழங்கால்கள் விழும் சத்தம் மட்டும் வந்தது. எங்கள் வேன் கூட்டம் முழுவதும் இறங்கிவிட்டது. யாரென்று தெரியாத வெளியூர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வள்ளத்தை நோக்கியே போனேன். இன்னும் ஒரு ஆள் நீளம்தான் இருந்தது. அப்போது ஜெசிந்தா அக்கா முன்னால் ஓடிவந்து, என் தோளைத் தொட்டு, "டீச்சர், கண்ணுல தண்ணி மறைக்குது போல. அங்கிட்டு இல்லங்க, பாதை இங்கிட்டு இருக்கு" என்று என்னைப் பக்குவமாக இடப்பக்கம் திருப்பிவிட்டார்.

திரும்பினேன். வேறு என்ன செய்வது? நான் வள்ளத்துக்குத்தான் போகிறேன் என்றால், ஏன் என்று கேட்பார்கள்.

கோயில் வாசல் வெகுதூரத்தில், வெள்ளையாக, சின்னதாகத் தெரிந்தது. யாரோ என் கழுத்தில் மல்லிகை மாலை போட்டார்கள். யாரோ கையில் மெழுகுவர்த்தியைக் கொடுக்கப் பார்த்து, எனக்குக் கை காலியாக இல்லை என்று கண்டு, எனக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தார்கள். நான்சி எதிரே வந்து குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள். (சிரிக்கவில்லை, அழுதேன் என்று இன்றுவரை சாதிக்கிறாள்.)

பாதி வழியில், முன்பின் தெரியாத ஒரு அம்மா எனக்கு இணையாக முழங்காலில் வந்தாள். என் காதருகே குனிந்தாள்.

"யம்மா, நீங்க இவ்வளவு கஷ்டப்பட்டு வேண்டுறீங்க. ஒங்க வேண்டுதலு கண்டிப்பா கேக்கும். எம் மவன் வெளிநாட்டுக்குப் போயி போனே பண்ணலம்மா. எங்க கெடக்கானோ. அவனையும் சேத்து ஒரு வார்த்த சொல்லிருங்க."

அதுவரை வந்துகொண்டிருந்த சிரிப்பு எனக்குள் அணைந்துவிட்டது. அவள் முழங்கால் தேய்ந்து ரத்தம் கசிந்திருந்தது. என்னுடையது பாசாங்கு என்று அவளிடம் எப்படிச் சொல்வது? "அவன் பேரு என்ன?" என்று கேட்டேன். "பிரகாசு" என்றாள். நிஜமாகவே வேண்டினேன். அன்று காலையில் நான் செய்த ஒரே ஒழுங்கான காரியம் அதுதான். அதற்குப் பிறகு முதுகைப் பற்றிக் கொஞ்ச தூரம் நினைக்கவே இல்லை.

அப்போது என் இடப்பக்கம் காக்கி பேண்ட் தெரிந்தது.

சேவியர் நடந்து வந்துகொண்டிருந்தார். உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"பூட்டிக்கிச்சா?"

"ம்."

"அதே எடமா?"

"அதே எடந்தான்."

"தூக்கட்டா?"

நான் இரண்டு கை ஊன்றி நகர்ந்த பிறகு, "தூக்குனா கடல் போயிரும்ல" என்றேன். இருபத்தைந்து வருடக் குடும்பத்தில் அவரிடம் நான் கெஞ்சிய குரல் அது ஒன்றுதான்.

அவர் நின்றார். பேண்டை இரண்டு பக்கமும் கொஞ்சம் உயர்த்திவிட்டுக்கொண்டு, என் பக்கத்தில் முழங்காலில் விழுந்தார். கோயிலில் பூசை நேரத்தில்கூட முட்டி வலிக்கிறது என்று பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும் ஆள். பின்னால் ஜெசிந்தா அக்காவின் செபம் தழுதழுத்து இன்னும் உச்சத்துக்குப் போனது.

கோயில் படிக்கட்டு வந்தது. பிடிக்க அங்கே கைப்பிடி இல்லை, வழவழப்பான கல் மட்டும். நான் நாலு காலிலேயே திருதிருவென்று விழித்தேன். சேவியர் முழங்காலில் நின்றபடியே தோளைக் கட்டில் கால் மாதிரி விறைப்பாக வைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் நகர்ந்தார். அந்தத் தோளைப் பிடித்தேன். ஒரு கால், மறு கால், பிறகு இடுப்பு. எழுந்துவிட்டேன். கூட்டம் கைதட்டியது.

"நான் தூக்கல" என்றார் சேவியர், எழ முடியாமல் கீழேயே உட்கார்ந்துகொண்டு. "நீதான் புடிச்ச."

திரும்பும்போது பெருமாள்மலையில் டீக்கு நிறுத்தினோம். குளிர் தொடங்கியிருந்தது. நான் இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு முன் சீட்டிலேயே இருந்தேன். அவர் டீயைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஜன்னல் ஓரத்தில் நின்றார்.

"நீ அந்த அலைக்கு அங்கிட்டுப் போயிப் படுத்துக் கெடந்தேல்ல. எம்புட்டு நேரம்னு தெரியல. எனக்கு இங்க நெஞ்சு அடிச்சுக்கிருச்சு. ஒன் இடுப்பு ஒரு காரணந்தான். உள்ள ஒனக்கு ஒண்ணுன்னா என்னால வந்து கூட்டியார முடியாது. எனக்கு நீச்சத் தெரியாது. அதான் வேணாம் வேணாம்னேன்."

இவ்வளவு நாளும் நான் சண்டை போட்டது இந்தப் பயத்தோடு என்று எனக்குத் தெரியவே தெரியாது. டீயை வாங்கிக்கொண்டு அவர் கையையும் பிடித்துக்கொண்டேன். ஜெசிந்தா அக்கா பின் சீட்டிலிருந்து அதையும் ஜெபமாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்.

"அப்ப அடுத்த வருசம்?" என்றேன்.

"சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்றார்.

அடுத்த வருடம் எனக்கு உடம்பு நன்றாகவே இருந்தது. நீந்தினேன், மிதந்தேன், அலை பார்த்து எட்டு வைத்து, நிமிர்ந்தபடியே ராணி மாதிரி கரைக்கு வந்தேன். எதிரே பார்த்தால், ஈர மணலில் எங்கள் பங்கு ஜனம் வரிசையாக முழங்காலில் இருக்கிறது. ஜெசிந்தா அக்கா ஸ்வெட்டர், மப்ளர், செபமாலையோடு முதல் வரிசையில். "டீச்சர், ஒங்களுக்காகத்தான் காத்துக் கெடக்கோம்" என்றார். எல்லோருக்கும் முன்னால் சேவியர், வேன் சீட்டு ஸ்பாஞ்சை வெட்டி இரண்டு முட்டியிலும் கட்டிக்கொண்டு. அலை அவர் முழங்காலைத் தொட்டுத் தொட்டுப் போனது. அவர் நகரவில்லை.

"வெரசா வா" என்றார் பல்லுக்குள். "முட்டி எரியுது."

இத்தனை பேர் முகத்தையும் பார்த்துவிட்டு நான் என்ன விளக்கம் சொல்ல முடியும்? முழங்காலில் விழுந்தேன். விழுந்த வேகத்தில் முதுகு பூட்டிக்கொண்டது.

சேவியர் என் முகத்தைப் பார்த்தார். "நெசமா, நேர்ச்சையா?" என்றார்.

"நேர்ச்சையாத்தான் விழுந்தேன். இப்ப நெசம்" என்றேன்.

அந்தக் கேள்வி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடி யார் குனிந்தாலும் நான்சி அதைத்தான் கேட்பாள். காலையில் நான் எழத் தாமதமானால் அடுப்படியிலிருந்து சேவியரின் குரல் வரும், "நெசமா, நேர்ச்சையா?" என்று. நேர்ச்சை என்று சொன்னால் காபி அடுப்படியிலேயே இருக்கும், நான்தான் போய்க் குடிக்க வேண்டும். நெசம் என்று சொன்னால் வந்து கட்டில் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து தோளைக் கொடுப்பார். தூக்க மாட்டார்.